அடையாள, அணுகல் மேலாண்மைச் சேவை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதற்காக எங்கள் அலுவலகம் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சேவையைப் பெற்றது. ஒரே முறை உள்நுழைந்து எல்லா மென்பொருள்களையும் பயன்படுத்த உதவும் ஒற்றை உள்நுழைவு, சொன்ன நாளில் இயங்கத் தொடங்கியது, அதில் குறையில்லை.

குறை அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. மனிதவளப் பதிவேட்டில் ஒரே ஊழியர் இரண்டு எண்களில் இருந்ததையும், ஒப்பந்தப் பணியாளர்கள் இடம்பெறவே இல்லை என்பதையும் சரிபார்க்காமல், அந்தத் தரவையே அடித்தளமாகக் கொண்டு எல்லாவற்றையும் அமைத்ததால், பணி விலகிய ஒருவரின் ஒரு கணக்கு மூடப்பட்டு மற்றொன்று திறந்தே கிடந்தது. 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத, பலகட்டச் சரிபார்ப்பும் இல்லாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன வலையமைப்பில் இணையும் வழி) கணக்கின் வழியாகத்தான் என்பதால், இதைச் சிறு பிழையாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

யாருக்கு எந்த அனுமதி தொடர வேண்டும் என்று பார்க்கும் அனுமதி மறுஆய்வும் பெயரளவில்தான் நடந்தது. மேலாளர் ஒருவருக்கு 300 வரிகளுக்கு மேல் நீண்ட எக்செல் பட்டியல் வந்தது. அதிலிருந்த ‘ஃபின்_ஏபி_02’ போன்ற அனுமதிப் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று யாரும் விளக்காததால், அனைத்தையும் தேர்ந்தெடுத்து ஒப்புதல் அளித்துவிட்டார். யாருக்கு எது தேவை என்பதைத் துறைத் தலைவர்களிடம் கேட்காமல், முழுப் பொறுப்பையும் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் விட்டது எங்கள் தரப்புத் தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மென்பொருளுக்காக இச்சேவையைப் பரிந்துரைப்பேன். ஆனால் தரவுச் சீரமைப்பைத் தனி வேலையாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.