‘கடையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி’ என்றவரை நம்பியதில்

சிவகாசியில் காலண்டர் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் அப்புறம் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியொரு வாரத்தில்தான் எங்கள் அச்சகத்தில் கணக்கெழுதும் மென்பொருளான டேலி திறக்காமல் போனது. கோப்பு ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் வாயில் நுழையாத ஒரு வால் முளைத்திருந்தது. திரையில், பூட்டிய கோப்புகளைத் திறந்துவிடப் பணம் கேட்டு ஒரு ஆங்கிலக் குறிப்பு. நகல் எடுத்து வைத்திருந்ததும் அதே கணினியின் டி டிரைவில் என்பதால் அதுவும் போயிற்று.

வாசலைத் திறந்து வைத்தவர், நாங்கள் ஆண்டுக்கு 18,000 ரூபாய் கொடுத்துப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தவரேதான். பெயர் வேண்டாம். செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் ஒன்பது கணினிகள். “எதற்கெடுத்தாலும் நேரில் வர வேண்டியதில்லை அண்ணாச்சி, கடையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி ஏதாவது நின்றால் என் போனுக்குத் தகவல் வந்துவிடும்” என்றார். அதற்காக இணைய இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி, அதாவது மாறாத ஒரு இணைய முகவரி, வாங்கச் சொன்னார். மாதாமாதம் தனிக் கட்டணம். பிறகு ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு கதவை, வெளியுலகுக்குத் திறந்து, டேலி இருக்கும் கணினிக்கு நேராகத் திருப்பிவிட்டார். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக இயங்கும் போர்ட் அது. இரவு பகலாகத் திருடர்களின் எத்தனையோ நிரல்கள் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கும். திருடன் வழி தவறிவிடக் கூடாதென்று மாதாமாதம் காசு கட்டியது நாங்கள்.

ஜூன் மாதத்திலேயே அறிகுறி தெரிந்தது. காலையில் கணக்காளர் கடவுச்சொல்லைப் போட்டால், கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று வரும். சற்று நேரத்தில் தானே திறக்கும். மறுநாளும் அதே கதை. அவரைக் கூப்பிட்டோம். தன் கடையிலிருந்தபடியே உள்ளே வந்து, ஏதோ இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, “இனி வராது அண்ணாச்சி” என்றார். உண்மையிலேயே வரவில்லை. கெட்டிக்காரர் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன்.

பத்து முறை தவறான கடவுச்சொல் போட்டால் பூட்டிக்கொள்ளும்படி இருந்த அமைப்பை அவர் 0 என்று மாற்றியிருந்தார். 0 என்றால், எத்தனை முறை தவறினாலும் பூட்டாதே என்று பொருள். குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தெரு அமைதியாகிவிட்டது என்று சொன்னவர் அவர்.

இதையெல்லாம் கண்டுபிடித்தது சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகன். விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, “மாமா, இந்த 4625 எல்லாம் உள்ளே வர முயன்று தோற்றவை” என்று திரையை உருட்டினான். உருட்டினான், உருட்டினான், முடியவில்லை. அட்மின், டெஸ்ட், ஸ்கேனர், யூசர்1 என்று யாரோ பெயர் மாற்றி மாற்றிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், விடாமல். அந்தப் பதிவேட்டின் கொள்ளளவு 20 எம்பி மட்டும் என்பதால் இரண்டு நாளுக்கு முந்தையது அழிந்திருந்தது. நடுவில், வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு 4624: நுழைவு வெற்றி, அதிகாலை 2.41. கடவுச்சொல், நம் பராமரிப்புக்காரருடைய கடைப் பெயரும் 123-உம். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதையேதான் வைத்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

சரி, ராத்திரி போனுக்கு வரும் என்ற தகவல்? கண்காணிப்பு மென்பொருள் உரிமம் என்று 4,200 ரூபாய்க்கு பில் போட்டிருந்தார். நிறுவியிருந்தது 30 நாள் இலவச மாதிரி. மே மாதமே காலாவதி. ஸ்விட்ச், பிரிண்டர் எல்லாவற்றிலும் எஸ்என்எம்பி கண்காணிப்பை (கருவிகளின் நிலையை வலையமைப்பு வழியே கேட்டறியும் முறை) திறந்துவிட்டு, அதன் ரகசியச் சொல்லை ‘பப்ளிக்’ என்றே விட்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பல கருவிகளில் இருக்கும் சொல் அது. எஸ்என்எம்பியின் இரண்டாம் பதிப்பில் அது மறையாக்கம் எதுவுமின்றி வலையமைப்பில் அப்படியே போகும். மூன்றாம் பதிப்பில்தான் பூட்டும் சாவியும் உண்டு.

கேட்டதற்கு, “வைரஸ் வந்தால் நான் என்ன செய்ய?” என்றார். போர்ட்டை 3390 ஆக மாற்றிவிட்டு அதற்கும் 1,500 கேட்டார்!

பணம் கேட்டவனுக்குக் கொடுக்கவில்லை. ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு விவரங்களை இறக்கி, வங்கிக் கணக்கு அறிக்கையையும் காகித பில்களையும் வைத்து ஐந்து மாதக் கணக்கை இரண்டு பேர் 19 நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். டிசைன்கள் மட்டும் தப்பின. எங்கள் டிசைனர் யாரையும் நம்பாத மனிதர். தினமும் மாலை ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். அதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இத்தகைய சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருப்பதே எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

இப்போது வெளியே எந்தப் போர்ட்டும் திறந்தில்லை. தொலைவிலிருந்து வருகிறவர் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிப் பாதை வழியாக, தனக்கென்று தனிக் கடவுச்சொல்லோடும் கைபேசிக்கு வரும் குறியீட்டோடும்தான் வர முடியும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் என் பீரோவில் இருக்கிறது.

உங்கள் கணினிகளையும் யாராவது இப்படித்தான் ‘பார்த்துக்கொள்கிறார்’ என்றால், அலுவலக ஐபி முகவரியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். ரவுட்டரின் நுழைவுப் பக்கம் வந்தால் ஊருக்கே வரும். வராவிட்டாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், ரவுட்டருக்குள் போய் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பட்டியலில் 3389, 3390 போன்ற எண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் தெரியாது என்றால், அதைக் கேட்டு இன்றே அவருக்கு போன் செய்யுங்கள்.