சேலத்துத் தரையா, சேர்வராயன் சரிவா: ஏர்கன் ஃபீல்ட் டார்கெட்டுக்கு எந்த விதி பொருந்தும்?

ஃபீல்ட் டார்கெட், அதாவது வெட்டவெளியில் வெவ்வேறு தூரத்தில் நிற்கும் தகடுகளை ஏர்கன்னால் சாய்க்கும் போட்டி வைக்கலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் கிளம்புவது எந்தத் துப்பாக்கி, எந்த ஸ்கோப் என்ற விவாதம்தான். அது பிறகு. எந்த விதியில் சுடப்போகிறோம் என்பது முடிவானால் பாதிப் பொருள் தானாகவே தேர்வாகிவிடும்.

புழக்கத்தில் உள்ளவை முக்கியமாக மூன்று. உலக ஃபீல்ட் டார்கெட் கூட்டமைப்பின் விதி (எஃப்டி), பிரிட்டனில் வளர்ந்த ஹன்டர் ஃபீல்ட் டார்கெட் (எச்எஃப்டி), அமெரிக்கச் சங்கத்தின் விதி. மூன்றிலும் குறி ஒன்றுதான்: இரும்புத் தகடு, அதில் வட்டமாக ஒரு துளை, துளைக்குப் பின்னால் பேடில் என்ற சிறு தட்டு. பெல்லட் (ஏர்கன்னின் ஈயக்குண்டு) துளை வழியாகப் போய்ப் பேடிலைத் தட்டினால் தகடு பின்பக்கம் சாயும். சுடுமிடத்திலிருந்து கயிற்றை இழுத்தால் எழுந்து நிற்கும். முகத்தகட்டில் பட்டால் சாயக் கூடாது. இதற்கு மேல் மூன்றும் மூன்று வழி.

சக்தி: இங்கேயே ஒன்று கழிந்துவிடும்

எஃப்டி, எச்எஃப்டி இரண்டிலும் உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். அமெரிக்க விதியின் ஓப்பன், ஹன்டர் பிரிவுகளில் 20 அடி-பவுண்டு வரை போகலாம். அது 27 ஜூல். நம் நாட்டின் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் என்ற இரண்டுக்கும் மிகாத ஏர்கன்னுக்குத்தான் உரிமம் தேவையில்லை. ஆகவே அமெரிக்க விதியை அப்படியே எடுத்து வைத்தால், சுடுபவர் விதிக்கு உட்பட்டும் சட்டத்துக்கு வெளியேயும் நிற்பார். 5.5 மி.மீ. குழலுக்கும் உரிமம் வேண்டும் என்பதால் அந்தப் பேச்சையும் இதோடு விட்டுவிடலாம். தட்டையான பாதைக்கு 4.5 தான் நல்லது என்று உலகம் முழுக்கச் சுடுபவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் 16.27-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியில் விழும் ஸ்பிரிங் கன் சட்டப்படி சரி, போட்டிப்படி செல்லாது. அதனால் பதிவு மேசையில் குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைக்காத போட்டிக்கு அர்த்தம் இல்லை. 8.44 கிரெயின் எடையுள்ள பெல்லட் வினாடிக்கு 790 அடி வேகத்தில் போனால் 11.7 அடி-பவுண்டு, 800 அடியைத் தொட்டால் வரம்பு முடிந்தது. 780 சுமாருக்கு அமைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். சோதனை அவரவர் போட்டியில் போடும் அதே பெல்லட்டில் நடக்க வேண்டும். கனமான பெல்லட்டில் சோதனையைத் தாண்டிவிட்டு, லேனில் (சுடுமிடத்தில்) வேறு டப்பாவைத் திறப்பது பழைய தந்திரம்.

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போடும் தட்டைத்தலை பெல்லட் காகிதத்தில் அழகாக வட்டம் வெட்டும். 30 மீட்டரைத் தாண்டினால் சிதறும். களத்துக்கு உருண்டைத்தலை பெல்லட்தான். அந்த ரைபிளின் ஏழெட்டு ஜூலை வைத்துக்கொண்டு 50 மீட்டர் குறியோடு மல்லுக்கட்டவும் முடியாது.

தூரமும் ஸ்கோப்பும்: உண்மையான பிரிவு இதுதான்

எஃப்டியில் தூரத்தை ஸ்கோப்பால் அளக்கலாம். பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருப்பிக் குறி துல்லியமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தில் ஒட்டிய அளவைப் படித்து, டர்ரெட்டை (குறிப்புள்ளியை ஏற்றி இறக்கும் திருகு) அத்தனை கிளிக் திருப்பிச் சுடுவது. லேசர் தூரமானிக்கு அனுமதி இல்லை. எச்எஃப்டியில் போட்டி தொடங்கிய பிறகு ஸ்கோப்பில் எதையும் தொடக் கூடாது. பெருக்கம், ஃபோகஸ், டர்ரெட் மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) மேலே கீழே பிடித்துத்தான் சுட வேண்டும். அமெரிக்க ஹன்டர் பிரிவு இரண்டுக்கும் நடுவில்: பெருக்கத்துக்கு வரம்பு உண்டு, உட்கார இருக்கையும் துப்பாக்கியைத் தாங்கக் கவட்டைக் குச்சியும் உண்டு.

அளப்பதா மதிப்பிடுவதா என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஸ்கோப் குழலுக்கு 4.5 செ.மீ. மேலே, வேகம் 790 அடி, 30 மீட்டரில் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே பெல்லட் படும் தூரம்) என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் பெல்லட் சுமார் 1 செ.மீ. கீழே படும்; 20-ல் அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக மேலே, 40-ல் 3.3 செ.மீ. கீழே, 45-ல் 6 செ.மீ.; 50-ல் 10 செ.மீ. கடைசி ஐந்து மீட்டரில் மட்டும் நாலு செ.மீ. சரிவு. துளை 40 மி.மீ. என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 2 செ.மீ.தான். 50-ஐ 45 என்று தவறாகப் படித்தவர் தகட்டில்தான் அடிப்பார். எச்எஃப்டி தன் தூரத்தை 8 முதல் 45 கெஜத்துக்குள் (சுமார் 41 மீட்டர்) நிறுத்திக்கொண்டதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் தவறு அரை செ.மீ.யோடு போய்விடும்.

சேலத்தில் எஃப்டி வைத்தால் வெயில் இந்தக் கணக்கில் கை வைக்கும். காலை ஆறரைக்கு 26 டிகிரியில் சரியாகப் படித்த சக்கரம், பதினொன்றரைக்கு 37 டிகிரியில் அதே குறியை நாலைந்து மீட்டர் மாற்றிக் காட்டலாம். ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் இடைவெளி சூட்டில் மாறுவதுதான் காரணம். பெருக்கம் கூடக் கூட இது பட்டவர்த்தனமாகத் தெரியும். லேனுக்கு லேன் நடக்கும்போது ஸ்கோப்பை வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வது ஒரு தீர்வு. சக்கரத்தில் காலை அளவு ஒரு நிறத்திலும் வெயில் அளவு இன்னொரு நிறத்திலும் குறித்து வைப்பது மேலும் நல்லது. பத்து மணிக்கு மேல் கானல் வேறு அலையடிக்கும். அதனால் கடைசி அணியும் பத்துக்குள் முடியும்படி நேரம் வைக்க வேண்டும்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு மாதிரி. பனிமூட்டம் இறங்கினால் குறியின் ஓரம் மங்கும். ஓரம் மங்கினால் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சில்வர் ஓக் நிழலில் கறுப்புப் பேடில் துளையோடு கலந்துவிடும். அங்கே விலையுயர்ந்த எஃப்டி ஸ்கோப்பும் சாதாரண பத்து மடங்கு ஸ்கோப்பும் ஒரே வரிசையில் நிற்கும். எச்எஃப்டியில் எப்படியும் எல்லோரும் மதிப்பிடத்தான் போகிறார்கள். மலைக்கு எச்எஃப்டி என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

உயரமும் சரிவும்

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1,500. மலையின் குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் காற்றின் அடர்த்தி சேலத்து வெயிலைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. 50 மீட்டரில் பெல்லட் அரை செ.மீ. சுமார் மேலே படும். பெரிதல்ல, ஆனால் கீழே ஜீரோ வைத்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நேராக லேனில் உட்காருபவர், தூரத்துக் குறி தன்னை ஏன் ஏமாற்றுகிறது என்று யோசிப்பார். வளைவுகளில் ஆடிய ஸ்கோப் மவுன்ட்டும் சேர்ந்துகொண்டிருக்கும். எந்த விதியானாலும் மேலே பயிற்சிக் குறி வைத்து மறுபடி ஜீரோ பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். பிசிபி (அழுத்தக் காற்றை முன்பே நிரப்பிச் சுடும்) துப்பாக்கியில் 35 டிகிரியில் 200 பார் நிரப்பியது 20 டிகிரியில் 190 காட்டும். கசிவு என்று பயந்து பிரிக்க வேண்டாம்.

சரிவில் சுடும்போது பெல்லட்டை இழுப்பது கிடைமட்டத் தூரத்தின் கணக்குதான். 30 டிகிரி சாய்வில் 45 மீட்டர் குறிக்கு 39 மீட்டர் பிடிப்பு போதும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் அதே கணக்கு. எஃப்டிக்காரர் அளந்த தூரத்தை அப்படியே கிளிக் செய்தால் குறிக்கு மேலே போகும். அளக்கும் உரிமை இருந்தும் அது முழு விடை தராத இடம் இது.

காற்று இரண்டு இடத்திலும் பொது எதிரி. முகத்தில் லேசாகப் படும் வினாடிக்கு 2 மீட்டர் குறுக்குக் காற்று, 50 மீட்டரில் பெல்லட்டை ஏழு செ.மீ. சுமார் தள்ளும், 25 மீட்டரில் இரண்டு செ.மீ.கூட வராது. எஃப்டியில் குழல் முனையில் நூல் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பள்ளத்தாக்கில் முனை நூல் இடப்பக்கம் ஆட, குறிப்பக்கத்து இலை வலப்பக்கம் ஆடும். நூலைவிட நடுவழியில் இருக்கும் புல்லைப் பார்ப்பது மேல்.

புள்ளியும் உடல்நிலையும்

எஃப்டியில் சாய்ந்தால் ஒன்று, சாயாவிட்டால் பூஜ்யம். எச்எஃப்டியில் சாய்ந்தால் இரண்டு, முகத்தகட்டில் பட்டால் ஒன்று, எதிலும் படாவிட்டால் பூஜ்யம். முப்பது குறிக்கு அறுபது புள்ளி. புதியவருக்கு அந்த ஒரு புள்ளி பெரிய ஆறுதல். நடத்துபவருக்கோ தலைவலி: தகட்டில் பட்டதா பின்னால் மண்ணில் பட்டதா என்பதை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அணிக்கு அணி தகட்டுக்கு மறு பெயின்ட் அடித்தால் புதிய ஈயத்தடம் பளிச்சென்று தெரியும். எஃப்டியில் பெயின்ட் அவ்வளவு அவசரமில்லை.

இந்த இரண்டையும் கலந்து வைப்பதுதான் உள்ளூர்ப் போட்டிகளுக்கு நேரக்கூடிய பெரிய கோளாறு. டர்ரெட் திருப்பவும் விட்டு, தகட்டுக்கு ஒரு புள்ளியும் கொடுத்தால், அளக்கத் தெரிந்தவருக்கு இரட்டைச் சலுகை.

எஃப்டிக்காரர் சிறு பை போட்டு உட்கார்ந்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்குவார். சில லேன்கள் முழந்தாளிட்டும் நின்றும். எச்எஃப்டியில் சுடுமிடத்தில் அடித்திருக்கும் ஒரு முளையைத் துப்பாக்கியோ உடம்போ தொட்டிருக்க வேண்டும்; பெரும்பாலும் படுத்தே சுடுவது, உட்காரும் பை கிடையாது. இங்கே மட்டும் மலை எச்எஃப்டிக்கு ஒத்துழைக்காது. காப்பிச் செடிக்கு அடியில் படுத்தால் குறி தெரியாது, உட்கார்ந்தால் தெரியும். அதனால் முளையைக் காப்பி வரிசைக்குள் அடிக்காமல் தோட்டப் பாதையின் ஓரத்திலோ புல்சரிவிலோ அடிக்க வேண்டும். முளை அடிப்பவர் ஒவ்வொன்றிலும் தானே படுத்துப் பார்க்க வேண்டும். தலை கீழ்ப்பக்கம் தொங்கும்படி படுக்க வைக்கும் முளை வேண்டாம். பத்து நொடியில் கண் இருட்டும்.

இடம் பட்டா நிலமாக இருக்கட்டும். காப்புக்காட்டு ஓரத்தில் ஏர்கன்னோடு நின்றால் போட்டி என்று சொல்லி விளங்க வைக்க முடியாது. எலி, காகம் வடிவத் தகடுகளுக்குப் பதில் வெறும் வட்டத் தகடு வைத்தால் பார்ப்பவருக்கும் சந்தேகம் வராது, விதியும் கெடாது. காப்பி பறிக்கும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். காட்டுமாடு தென்பட்டால் விசில், எல்லோரும் பெல்லட்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். கண்ணாடி அணியாதவரை லேனுக்குள் விடக் கூடாது. பத்து மீட்டர்த் தகட்டிலிருந்து ஈயத்துண்டு திரும்பி வரும்.

ஆகச் சமதளமும் காலை நேரமும் நல்ல ஸ்கோப்பும் இருக்கும் சேலம் பக்கத்துக்கு எஃப்டி, சரிவும் மூட்டமும் கலவையான துப்பாக்கிகளும் இருக்கும் ஏற்காட்டுக்கு எச்எஃப்டி. அமெரிக்க விதியிலிருந்து இருக்கையையும் குச்சியையும் மட்டும் கடன் வாங்கி, முழங்கால் வலிக்காரர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாம். சக்தி 12 தான்.

தகராறு வருவது கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில். "துளைக்குள்தான் போச்சு, விழலை" என்பார் சுட்டவர். கயிற்றைத் தொடுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் மட்டும் பேச்சு. மார்ஷல் (போட்டி நடுவர்) வந்து பேடிலில் ஒன்று, முகத்தகட்டில் ஒன்று சுட்டுப் பார்ப்பார். பேடிலில் பட்டும் சாயவில்லை என்றாலோ, தகட்டில் பட்டுச் சாய்ந்தாலோ குறியில் கோளாறு, மறுசுடல் உண்டு. இரண்டும் சரியாக நடந்தால், விளிம்பில் பட்டுப் பிளந்த பெல்லட் அது. எஃப்டியில் பூஜ்யம், எச்எஃப்டியில் ஒன்று. பெரும்பாலான கோளாறு பேடிலில் இருப்பதில்லை. கயிறு செடியில் மாட்டி விறைப்பாக நின்று தகட்டை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும். இழுத்தவுடன் கயிற்றைத் தளரவிட்டு, ஒரு முழம் தொய்வோடு தரையில் போடச் சொல்லி ஒவ்வொரு லேனிலும் எழுதி ஒட்டுங்கள்.