துப்பாக்கி சுடும் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வாங்கும் பெற்றோர் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களில் சிலருக்கு, ஜாக்கெட் விற்பனைக்கு இருப்பதாக எங்களுக்கு வந்த அதே புலனச் (வாட்ஸ்அப்) செய்தி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். முகநூல் வழியாகத் துப்பாக்கி சுடும் ஆடைகளை விற்கும் ஒரு முகவர், பழைய ஜாக்கெட் ஒன்றுக்குள் கூடுதல் துணி வைத்துத் தைத்து, அதை ‘ஐ.எஸ்.எஸ்.எஃப். அங்கீகாரம் பெற்ற புதிய ஜாக்கெட்’ என்று சொல்லி எங்களிடம் 1,900 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றிருக்கிறார். ஐ.எஸ்.எஸ்.எஃப். என்பது துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கான அனைத்துலகச் சம்மேளனம். அதைப் போட்டுக்கொண்டு என் மகள் எந்தப் போட்டியிலும் நிற்க முடியாது. பணமும் இன்னும் திரும்பவில்லை.

என் மகள் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். இடக்கைப் பழக்கம் உள்ளவள். துப்பாக்கியின் பின்கட்டை அவளுக்கு இடத்தோளில் பதியும் என்பதால், தோள்பட்டையிலும் முழங்கையிலும் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிகள் வலக்கைக்காரர்களின் ஜாக்கெட்டில் இருப்பதற்கு நேர்மாறாக அமைந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஜாக்கெட் கைவசம் கிடைப்பது அரிது; பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து அளவு கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். அந்த முகவர் இதை நன்றாக அறிந்தவர். “அக்கா, இடக்கை ஜாக்கெட் ஒன்றே ஒன்று இருக்கிறது, நம்ம பிள்ளை என்பதால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்” என்று அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. நம்ம பிள்ளை என்று சொல்லி விற்கும் பொருளுக்கு ரசீதில் கடையின் பதிவெண்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த விளையாட்டை அறியாதவர்கள் ஒரு ஜாக்கெட்டுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். துப்பாக்கியின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்சாய்த்து, அந்த எடையைத் தாங்கியபடி அறுபது தோட்டாக்கள் சுடும் வளரும் பிள்ளையின் கீழ்முதுகுக்குக் கேன்வாஸும் தோலும் சேர்ந்த அந்த ஜாக்கெட்தான் துணை. அளவுக்கு மீறித் தடித்த, விறைத்த ஜாக்கெட் பிள்ளையின் திறமைக்குப் பதிலாகத் தானே உடலைத் தாங்கிப் பிடித்துவிடும் என்பதால், ஐ.எஸ்.எஸ்.எஃப். இதற்குக் கடுமையான வரம்புகளை வைத்திருக்கிறது. சாதாரணப் பகுதிகளில் துணியின் தடிமன், உட்துணி உட்பட, மடிக்காத ஒற்றை அடுக்கில் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பொத்தான் போட்ட பிறகும் ஜாக்கெட் தளர்வாக இருக்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது, பொத்தான் வழக்கமாக மாட்டும் இடத்தைத் தாண்டி இன்னும் குறைந்தது 70 மில்லிமீட்டர் இழுபட வேண்டும்.

இந்தத் தளர்வை ஜாக்கெட்டை அணிந்திருப்பவரின் உடம்பில்தான் அளக்க முடியும். அப்படியிருக்க, கடையில் மாட்டியிருக்கும் ஒரு ஜாக்கெட்டை யாருக்கும் பொருந்தும் அங்கீகாரம் பெற்றது என்று விற்பது வெறும் வாய்ப்பேச்சு. உள்ளே தைத்திருந்த வரிசை எண் கொண்ட ஒரு முத்திரையை முகவர் பெருமையாகக் காட்டினார். அத்தகைய முத்திரை, ஏதோ ஒரு போட்டியில் வேறொருவர் அந்த ஜாக்கெட்டை அணிந்து சோதனையில் தேறியதற்கு அடையாளம். புதிய ஜாக்கெட்டில் அது எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஈப்போவில் பயிற்சியின்போது பயிற்றுநர் தடிமன் அளக்கும் கருவியை எடுத்து வந்தார். இரண்டு வட்டத் தட்டுகளுக்கு இடையில் துணியை வைத்து ஐந்து கிலோ எடையில் அழுத்திப் பார்க்கும் கருவி அது. முன்பக்கம் 2.3 காட்டிய முள், கீழ்முதுகுக்கு வந்ததும் 3.4இல் நின்றது. பொத்தான் தளர்வும் நாற்பது மில்லிமீட்டரோடு முடிந்துவிட்டது. நான் தையல் வேலை செய்பவள் என்பதால், முதுகுப்புற உட்துணியின் ஓரத்தில் நூல் மட்டும் புதிதாக, வேறு வெளுப்பில் இருந்ததை அப்போதே கண்டுகொண்டேன். வீட்டில் வைத்து இரண்டு அங்குலம் பிரித்தபோது, வியர்வைக் கறை படிந்து பழுப்பேறித் துவண்டுபோன பழைய கேன்வாஸும், அதன்மேல் பசை தடவி ஒட்டிய விறைப்பான புதுத் துணியும் தெரிந்தன. நம் ஊர்ப் புழுக்கத்தில் கேன்வாஸ் இப்படித்தான் சீக்கிரம் துவண்டு போகும். துவண்டதை விறைப்பாக்கி, புதிது என்று பெயர் சூட்டி, விலையையும் ஏற்றியிருக்கிறார்கள். இலவசமாகக் கொடுத்த கையுறையைப் பற்றி எழுதுவது வீண்; அது வலக்கைக்காரருக்கானது.

படங்களை அனுப்பியதும் முகவர் முதலில் “போட்டியில் யாரும் அளக்க மாட்டார்கள்” என்றார், பிறகு “ரசீதைப் படியுங்கள், விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்” என்றார், அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். போட்டி முடிந்த பிறகும் அளப்பதுண்டு என்பதையும், அப்போது வரம்பை மீறியிருந்தால் சுட்ட புள்ளிகள் எல்லாம் போய்ப் பிள்ளை தகுதி நீக்கம் செய்யப்படுவாள் என்பதையும் அவர் அறியாதவர் அல்லர்.

ரசீதில் அப்படி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை அந்த ஒருவரி வாசகத்தால் பறிக்க முடியாது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதும் அந்த உரிமைகளில் ஒன்று. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, ஐந்து வெள்ளி கட்டணம் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். நான் பதிந்திருக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பின் முகவரியை எழுத வேண்டிய இடத்தில்தான் எனக்குத் தலைவலி தொடங்கியது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே கடையின் பதிவெண்ணையும் முகவரியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துத் தளர்வை அளக்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உட்துணியின் தையலை வெளிச்சத்தில் பாருங்கள். பொத்தானைப் பிறகு நகர்த்தித் தைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் இந்த வயதில் பிள்ளைகள் ஓராண்டில் ஓர் அளவைத் தாண்டிவிடுவார்கள். இதே முகவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் குரல் பதிவுகளையும் பணம் செலுத்திய சீட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஜாக்கெட்டை ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள், தீர்ப்பாயத்தில் காட்ட வேண்டிய சான்று அதன் உட்துணிக்குள்தான் இருக்கிறது.