பெங்களூர் 112, ஹொய்சளா, பீட் போலீஸ்: எதை எவ்வளவு நம்பலாம்?

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம், விவேக்நகர், லிங்கராஜபுரம் என நம் தமிழர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதிகளில் போலீஸ் சேவை இரண்டு வழியாக வந்து சேர்கிறது. கூப்பிட்டால் வரும் ஹொய்சளா வண்டி ஒன்று. கூப்பிடாமலே தெருவைச் சுற்றிவர வேண்டிய பீட் போலீஸ் இன்னொன்று. ஹொய்சளாவைத் தாராளமாக நம்பலாம். பீட் போலீஸ் ஆள் பற்றாக்குறையில் திணறுகிறது. தெருவின் பாதுகாப்போ பெரும்பாலும் இந்த பீட்டை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் 112 என்ற அவசர அழைப்பு எண். பழைய பழக்கத்தில் 100 அடித்தாலும் அழைப்பு இங்கேதான் வரும். எடுப்பவர் விவரத்தைப் பதிவு செய்ததும், அருகில் இருக்கும் ஹொய்சளாவின் திரைக்கு அது போகிறது. வண்டியில் இருப்பவர் உங்கள் நம்பருக்குத் திரும்ப அழைப்பார். தெரியாத நம்பர் என்று அதை எடுக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அடுத்த சிக்கல் முகவரி. இந்த ஊரில் ஒவ்வொரு லே-அவுட்டிலும் ஒரு 3வது கிராஸ் உண்டு. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் சந்துகளில் மொபைல் காட்டும் இடமும் இரண்டு தெரு தள்ளி விழும். அதனால் பகுதிப் பெயரை முதலில் சொல்லுங்கள். பிறகு கோயில், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று அசையாத அடையாளம் ஒன்று. அதற்குப் பிறகு கிராஸ் நம்பர். கன்னடம் தடுமாறினால் "கலாட்டே ஆக்தா இதே, ஹொய்சளா களிசி" (கலாட்டா நடக்கிறது, ஹொய்சளா அனுப்புங்கள்) என்ற ஒரு வரி போதும். குறுகிய சந்துக்குள் வண்டி நுழையாது. மெயின் ரோட்டு முனையில் ஒருவர் நின்று கூட்டிவந்தால், வண்டி வந்தும் ஆள் வந்து சேராத நிலை இருக்காது.

பேச முடியாத நிலைக்கும் வழி உண்டு. பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை அடுத்தடுத்துப் பல முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். எத்தனை முறை அழுத்துவது என்பது போனுக்குப் போன் மாறும். செட்டிங்ஸில் இன்றே பார்த்துவையுங்கள். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். போனே பறிபோய்விட்டால், முக்கிய இடங்களில் வைத்திருக்கும் சேஃப்டி ஐலண்ட் கம்பத்தின் பட்டனை அழுத்தி கட்டுப்பாட்டு அறையோடு நேரடியாகப் பேசலாம். பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் சேஃப் சிட்டி திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட 8 நகரங்களில் பெங்களூரும் ஒன்று. இந்தக் கம்பங்களும் நகரமெங்கும் இருக்கும் போலீஸ் கேமராக்கள் பலவும் அதில் வந்தவை. கேமரா கைகொடுப்பது சம்பவத்துக்குப் பிறகுதான். பக்கத்துக் கடையின் கேமராவை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கேமரா பதிவுப் பெட்டியான டி.வி.ஆர். காட்டும் கடிகாரமும் பல கடைகளில் தப்பாக ஓடும். எத்தனை நிமிடம் முன்பின் என்று குறித்துக் கொடுக்காவிட்டால், விசாரிப்பவர் தவறான நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இனி ஆள் கணக்கு. ஒரு ஹொய்சளாவுக்கு ஏ.எஸ்.ஐ. அல்லது ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரும், ஓட்ட ஒருவருமாக இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 24 மணி நேரமும் ரோட்டில் இருக்க வேண்டும். 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் நாளுக்கு 6 பேர். வார விடுப்பு ஒரு நாள் கொடுத்தால் அந்த 6 பேர் 7 ஆகிறார்கள். உடம்புக்கு முடியாதது, பயிற்சி, கோர்ட் சாட்சி என்று ஒருவரைக் கூட்டினால் 8. அப்படியானால் இரண்டு வண்டி இருக்கும் ஸ்டேஷனில் 16 பேர் வண்டிக்கே போய்விடுகிறார்கள். அந்த எண்ணிக்கை இல்லாத ஸ்டேஷனில் ஷிஃப்ட் 12 மணி நேரமாக நீள்கிறது. பதினோராவது மணி நேரத்தில் வந்து நிற்கும் கான்ஸ்டபிள் எரிந்து விழுவதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் வாசல் சென்ட்ரி, ரைட்டர், வயர்லெஸ், சம்மன் கொடுப்பவர், கோர்ட் டியூட்டி, கிரைம் டீம். எல்லாம் போக மிஞ்சுகிறவர்கள்தான் பீட்.

அந்த மிச்சத்தையும் பந்தோபஸ்து எடுத்துக்கொள்கிறது. சின்னசாமி ஸ்டேடியத்தில் மேட்ச், ஃப்ரீடம் பார்க்கில் போராட்டம், அல்சூர் ஏரியில் விநாயகர் கரைப்பு, டிசம்பர் 31 இரவு எம்.ஜி. ரோடும் பிரிகேட் ரோடும் என்று எது வந்தாலும் ஸ்டேஷன்களிலிருந்து முதலில் உருவப்படுவது பீட் ஆட்கள்தான். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கச் சொல்லி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2006-இல். ஒரே ஆள் இரண்டையும் பார்க்கும் ஸ்டேஷனில், பந்தோபஸ்து வாரத்தில் திருட்டுக் கேஸ் ஃபைல் அசையாமல் கிடக்கும்.

உங்கள் ஸ்டேஷனை எடைபோட ஒரு கேள்வி போதும்: நம் தெருவின் பீட் கான்ஸ்டபிள் யார், எத்தனை மாதமாக இருக்கிறார்? ரோந்துக்கு வந்ததை முனையில் இருக்கும் கோடை ஸ்கேன் செய்து பதியும் முறைதான் இ-பீட். அதில் கோட் ஸ்கேன் ஆனால் அவர் அந்த முனைக்கு வந்தார் என்றுதான் அர்த்தம். இஸ்திரி வண்டிக்காரரோடும் செக்யூரிட்டியோடும் பேசினாரா என்பது அதில் தெரியாது. 2025-இல் மாநில அரசு தொடங்கிய 'மனெ மனெகெ போலீஸ்' திட்டம், வீடு வீடாகப் போய்ப் பேசச் சொல்கிறது. எண்ணம் மிக நல்லது. இருக்கும் ஆட்களையே வைத்து நடத்தினால் பேப்பரில் நின்றுவிடுமோ என்பதே என் கவலை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்துவிட்டுப் போவது பலன் தரும். முகவரி, போகும் வரும் தேதி, உங்கள் நம்பர், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், வாசலில் நிற்கும் வண்டியின் பதிவு எண் இவை இருக்கட்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நகை விவரம் எழுத வேண்டாம்.

போன் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தொலைந்த போனுக்கு கர்நாடக போலீஸின் இ-லாஸ்ட் ரசீது போதும். பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போயிருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 304-இன்படி பறிப்புக் குற்றம். "இ-லாஸ்ட் போட்டுக்கோங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பறிப்பு, தொலைந்ததாகப் பதிவானால் அந்த ரோட்டுக்கு ரோந்து தேவை என்பதே கணக்கில் வராது. வாய்மொழிப் புகாரையும் எழுதிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 173. வேறு ஸ்டேஷன் எல்லை என்றாலும் பதிய வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் அதே புகாரை துணை கமிஷனரான டி.சி.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். போனை முடக்க மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்துக்குப் போகும் முன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள். ஓ.டி.பி. அந்த நம்பருக்கு வரலாம். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் டப்பாவிலும் பில்லிலும் இருக்கும்.

ஆன்லைனில் பணம் ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930, கையில் பரிவர்த்தனை எண்ணோடு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் உண்டு.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒன்று. ஸ்டேஷனில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் 'ரோந்து போதவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போட்டு எண்ணை வாங்கிக்கொண்டு போங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணியில் இருப்பவர், சென்ற மாதம் வெளியே பந்தோபஸ்துக்கு அனுப்பிய ஆள்-நாள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பந்தோபஸ்து கேள்வியைத் தனி மனுவாகப் போடுவதே பத்திரம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.