கஃபுவா, ஸனெட்டியா?

எல்லாக் காலத்துக்குமான தென்னமெரிக்கக் கால்பந்து அணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வலது பின்களத்துக்குப் பலரும் யோசிக்காமல் பிரேசிலின் கஃபுவின் பெயரை எழுதிவிடுகிறார்கள். நான் ஹாவியர் ஸனெட்டியை எழுதுவேன்.

கோப்பைகளை வைத்துப் பார்த்தால் கஃபுவை நெருங்கவே முடியாது. 1994, 1998, 2002 என மூன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் களமிறங்கியவர் அவர் ஒருவர்தான். பிரேசிலுக்காக 142 ஆட்டங்கள். 2002 இறுதி ஆட்டம் நடந்த யோகோஹாமாவில் பீடத்தின்மேல் ஏறி நின்று கோப்பையை உயர்த்தியபோது, தான் வளர்ந்த ஏழைக் குடியிருப்பின் பெயரைச் சட்டையில் எழுதியிருந்தார்: ‘100% ஜார்டிம் இரேனே’. இன்று பார்த்தாலும் மெய்சிலிர்க்கிறது.

அர்ஜென்டினாவின் ஸனெட்டி ஆடிய உலகக் கோப்பைகள் இரண்டே: 1998, 2002. பயிற்சியாளர் பெக்கர்மேன் 2006இல் அவரை விட்டுவிட்டுப் போனார். 2010இலோ, இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்பின் கேப்டனாக ஒரே பருவத்தில் இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற கையோடு இருந்தவரை அப்போதைய பயிற்சியாளர் மரடோனா சேர்க்கவில்லை. அது அநியாயம் என்றே இன்றும் சொல்வேன். தேர்வாளர்கள் செய்த தவற்றை ஆட்டக்காரரின் கணக்கில் எழுதக் கூடாது.

தடுப்பாட்டத்துக்கு வருவோம். 2002இல் கஃபுவுக்குப் பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர் என மூவர் காவல் நின்றார்கள். இத்தாலியின் ரோமா கிளப்பில் பயிற்சியாளர் கபேல்லோவும் மூன்று தடுப்பாளர்களை நிறுத்தித்தான் அவரை முன்னே ஓடவிட்டார். ஓடுவதற்கென்றே அவருக்குப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். ஸனெட்டிக்கு அந்தச் சலுகை தொடர்ந்து கிடைத்ததில்லை. ஓட்டை விழுந்த இடத்துக்கெல்லாம் அவரைத்தான் அனுப்பினார்கள்.

2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள். பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம். 28ஆவது நிமிடத்திலேயே இன்டரின் தியாகோ மோட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி நேரம் முழுவதும் இன்டர் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்தது. 36 வயது ஸனெட்டிக்கு அன்று இடது பின்களம். ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3-2 என இறுதிக்குள் நுழைந்தார்கள். மாட்ரிட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் நடுக்களம் அவரிடம் வந்தது. இன்டருக்காக அது அவருடைய 700ஆவது ஆட்டம். ஓய்வு பெறும்போது எண்ணிக்கை 858.

தாக்குதலில் மட்டும் கஃபுவின் கை ஓங்கியிருக்கிறது. தொண்ணூறாவது நிமிடத்திலும் முதல் நிமிட வேகத்தில் ஓடிப்போய்ப் பந்தைக் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் அனுப்பும் அந்த நுரையீரல் ஸனெட்டிக்கும் உண்டு. ஆனால் பந்து போய்ச் சேரும் இடத்தில் கஃபுவின் துல்லியம் அதிகம். எதிரணி முழுவதும் பின்னால் குவிந்து கிடக்கும் நாளில் கஃபுவைத்தான் இறக்குவேன்.