வேருக்குள் முறிந்த ஃபைல்: எடுப்பதா, விடுவதா?

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோது, வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய உலோகக் கருவி, வேர் வளையும் இடத்தில் முறிந்து அதன் நுனி உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்-ரேயில் சாம்பல் நிற வேருக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. பல் மருத்துவர் மறைக்காமல் அன்றே காட்டி, மூன்று வழி சொன்னார்: துண்டை விட்டுவிட்டு மேலே அடைப்பது, நுண்ணோக்கி வைத்து எடுப்பது, பல்லையே பிடுங்கிவிட்டுத் தாடை எலும்பில் இம்பிளான்ட் எனும் செயற்கைப் பல் பொருத்துவது. நான் முதல் வழிக்குப் போனேன். இன்று யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் யோசிக்கச் சொல்வேன்.

பிடுங்குவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இம்பிளான்ட் அறுவை சிகிச்சை என்பதால் சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவ் ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் சில ஆயிரம் வெள்ளி செலவு, பல மாத அலைச்சல். காப்பாற்றக்கூடிய பல்லை அதற்காக இழக்க எனக்கு மனமில்லை.

எடுப்பதென்றால் அதிவேகமாக அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் துண்டைச் சுற்றி வேரின் உட்சுவரைச் சுரண்ட வேண்டும். துண்டு மேலே, நேரான பகுதியில் இருந்தால் கைதேர்ந்த நிபுணர் எடுத்துவிடுவார்; அப்போது எடுப்பதே நல்லது. வளைவைத் தாண்டிவிட்டால் சுரண்டச் சுரண்டச் சுவர் மெலியும், ஓட்டை விழலாம். பின்னாளில் வேர் நெடுக வெடித்தால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

"உள்ளே உலோகம் இருந்தா ரத்தத்துல விஷம் ஏறும், எடுத்துடுப்பா" என்று தேக்காவில் பார்த்தபோது அத்தை பதறினார். அந்தப் பயம் பலருக்கும் உண்டு. இப்போதைய ஃபைல்கள் பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம். பல் வரிசையைச் சீராக்கப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயில் மாட்டியிருக்கும் கம்பியிலும் அதே கலவைதான், அதுவும் எச்சிலில் ஊறியபடி. அடைத்த வேருக்குள் இருக்கும் துணுக்கு உடம்பையே பாதிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வேர் சிகிச்சை செய்த பல்லே உடல் நோய்களுக்குக் காரணம் என்று 1920களில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் சொன்னதும் பிந்தைய ஆய்வுகளில் நிற்கவில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்; எனக்கு அது இல்லாததால் அந்த அனுபவமும் இல்லை.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது கிருமிதான். துண்டு, தனக்குக் கீழே உள்ள பகுதியைச் சுத்தம் செய்யவிடாமல் மறிக்கிறது. அதனால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முறிவதற்கு முன் கால்வாய் எவ்வளவு சுத்தமாகியிருந்தது? வேர் நுனியில் ஏற்கெனவே சீழ் இருந்ததா? எனக்குச் சுத்தம் செய்து முடியும் தறுவாயில் முறிந்தது, நுனியில் சீழும் இல்லை. அதனால்தான் துண்டைத் துணிந்து உள்ளேயே விட்டேன். ஆரம்பத்திலேயே முறிந்து, நுனியில் சீழும் இருந்திருந்தால், துண்டின் பக்கவாட்டில் வழி கண்டுபிடிக்கவோ எடுக்கவோ நிபுணரிடம் போயிருப்பேன். அதுவும் பலிக்காவிட்டால் வேர் நுனியை வெட்டும் சிறு அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

விட்டுவிடுவதிலும் பராமரிப்பு உண்டு. பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுனின் ஓரத்தில் சொத்தை விழுந்தால் கிருமி மேலிருந்தே இறங்கும். ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுக்கொன்று என எக்ஸ்-ரே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நுனியில் கறுப்பு நிழல் இல்லை. படத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மருத்துவருக்கு உதவும். ஈறில் சீழ்க்கட்டி வந்தால் உடனே போங்கள். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ நேரே அவசரப் பிரிவுதான்.