491 விசாவுக்கு ஏஜென்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஆஸ்திரேலியாவில் திறன் வேலையாட்களுக்குக் கொடுக்கும் 491 விசாவுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சியிடம் ஃபைல் கொடுத்தோம், விசா வந்து இப்போது அடிலெய்டில் இருக்கிறோம். பெயர் வேண்டாம்.

டாக்குமென்ட் வேலை அருமை. நான் ஐ.டி. ஆள், ஏ.சி.எஸ். (ஐ.டி. ஆட்களின் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடும் ஆஸ்திரேலிய அமைப்பு) அசெஸ்மென்ட் எடுக்க வேண்டும். ரெஃபரன்ஸ் லெட்டரில் பதவியும் தேதியும் மட்டும் போதாது, என்ன வேலை பார்த்தோம் என்று விவரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஹெச்.ஆர். கொடுத்ததைத் திருப்பி அனுப்பி மாற்ற வைத்தார்கள். அதைவிட முக்கியமான விஷயம், ஏ.சி.எஸ். நம் அனுபவத்தில் முதல் சில வருடங்களைக் கழித்துவிடும், படிப்பும் வேலையும் ஒத்துப்போனாலும் பொதுவாக 2 வருடம் போய்விடும், மீதிக்குத்தான் பாயிண்ட் (வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டுத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும்). முழு சர்வீஸுக்கும் பாயிண்ட் கேட்டால் அழைப்பு வந்த பிறகும் விசா நிராகரிக்கப்படலாம், கட்டிய பணமும் திரும்பாது. என் ஃபைலைப் பார்த்த மேடம் இதில் ஒரு மாதம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு ஐந்து ஸ்டார்.

ஆனால் விற்ற விதம் சரியில்லை. முதல் நாளிலிருந்தே பி.ஆர்., பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்றுதான் பேச்சு. 491 பி.ஆர். கிடையாது! 5 வருடத் தற்காலிக விசா அது. 3 வருடம் ரீஜனல் பகுதியில் (மூன்று பெரிய நகரங்களுக்கு வெளியே) இருந்து, வருமான வரிக் கணக்கு காட்டி 191 என்ற அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்தால்தான் பி.ஆர். அதுவரை சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேனில் குடியிருக்கவோ வேலை பார்க்கவோ முடியாது (அடிலெய்டு, பெர்த் எல்லாம் ரீஜனல் கணக்கில்தான் வருகின்றன, அது நல்ல விஷயம்). நடுவில் 190-க்கு (மாநிலம் பரிந்துரைக்கும் பி.ஆர். விசா) மாறிக்கொள்ளவும் வழியில்லை. இவ்வளவும் என் மனைவி துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயிலிருந்து வந்தது. குழந்தை குட்டியோடு ஊரைவிட்டுப் போகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதானே?

அப்புறம் இ.ஓ.ஐ. (விசாவுக்கு விருப்பம் தெரிவிக்கும் படிவம்) மாநிலத்துக்கு ஒன்று என்று தனித்தனி பில். ஸ்கில்செலக்ட் என்ற ஆஸ்திரேலிய அரசு இணையதளத்தில் இ.ஓ.ஐ. போட அரசு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை, நாமே நிரப்பலாம். மாநிலத்தின் நாமினேஷன் (பரிந்துரை) கிடைத்தால் 15 பாயிண்ட் சேரும், உண்மைதான், ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பது மாநில அரசின் முடிவு. அங்கே எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மாரா (விசா ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அரசு அமைப்பு) பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் இருந்து ஆலோசனை சொல்பவருக்கு அந்தப் பதிவு சட்டப்படி கட்டாயமில்லை, அதனால்தான் கேட்டே ஆக வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஸ்கில்செலக்ட் கணக்கில் உங்கள் இமெயிலையே கொடுக்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்க 60 நாள்தான், அந்தச் செய்தி ஏஜென்சியின் இன்பாக்ஸில் கிடக்கக் கூடாது.